மொட்டைக் கடிதமும் பேர் சொல்லும்

(மானிப்பாயில் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



காலையில் இங்கே தேத்தண்ணிக் கடையில், "அப்புறம் ஒரு வடை தாங்க" என்றேன். "மலையகமோ?" என்றார் கடைக்காரர். அவர் "பேந்து" என்கிறவர். என் பேரைச் சொல்லவில்லை; என் ஊரை என் வாயே சொல்லிவிட்டது.

எழுத்தும் அப்படித்தான். எங்கள் தோட்டத்தில் ஒரு அக்கா, கொழுந்து நிறுவையில் கழிவு அதிகம் என்று பேர் போடாமல் பெட்டிசம் அனுப்பினார். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று மகள்தான் எழுதினாள். ஆனால் ஏழாம் நம்பர் மலை, செவ்வாய்க்கிழமை அந்திக் கொழுந்து என்று போட்டிருந்தது. அன்று அங்கே நின்றது ஆறு பேர். அதில் எதற்கும் "நியாயமா பார்த்தா" என்று தொடங்குகிறவர் அக்கா ஒருவர்தான். மறுநாள் பிரட்டிலேயே கூப்பிட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் தபாலில் அனுப்பியும் நேரில் வைத்தும் குண்டால் மூன்று பேரைக் கொன்ற கசின்ஸ்கி 17 வருடம் பிடிபடவில்லை. 1995இல் அவனுடைய பேரில்லாத நீண்ட கட்டுரை பத்திரிகையில் வந்தது. வார்த்தைகளைப் படித்த தம்பிக்குச் சந்தேகம். 1996 ஏப்ரலில் கைது. கொலைகாரன், அகப்பட்டது நல்லது. ஆனால் துரையும் அதே கண்ணால்தான் நம் கடிதத்தைப் படிப்பார்.

ஆகவே விஷயத்தை இன்னொருவருக்கு வாயால் சொல்லுங்கள், அவர் தன் வார்த்தையில் எழுதட்டும். பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்; உங்கள் வாய்ப்பேச்சு எங்கே கேட்கிறதோ அதை வெட்டுங்கள். நாளும் மலை நம்பரும் கடிதத்தில் வேண்டாம், தோட்டக் கமிட்டியிடம் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அதில் நம்பரே தெரியும்.

ஊரிலிருந்து கழிவுக் கணக்குக் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பேர் கேட்கமாட்டேன்.