உள்ளே கனலும் நெருப்பு: கிருமிகளும் இரத்தப் புற்றுநோயும்

(யூபிலி விழாவையொட்டிக் குடுமியான்மலையில் நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்குப் புதுக்கோட்டைச் சீமையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். ஏனென்றால், நம் நாட்டில் இந்த நோய்க்கென்று மருத்துவமனை எழுப்பப் பாடுபட்டவர்களில் முன்னணியில் நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இந்த மண்ணில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், பல ஆண்டுகள் இடைவிடாது முயன்று 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதை உலகறிந்த நிலையமாக வளர்த்தார்கள்.

"புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா?" இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் எழுகிறது. ஒட்டாது. இரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அது உண்ட தட்டில் உண்ணலாம். ஆனால் அந்த நோய் உண்டாக வழிவிடும் சில கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியவை. இந்த வேறுபாட்டை விளக்குவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. அதுதான் அழற்சி. கிருமியை எதிர்க்க வெள்ளணுக்கள் அங்கே திரண்டுவிட்டன என்று பொருள். முள் வந்துவிட்டால் நாலைந்து நாளில் எல்லாம் தணிந்துவிடும். அது நல்ல அழற்சி. முள் உள்ளேயே முறிந்து தங்கிவிட்டால்? புண் ஆறாது. சில வைரஸ் கிருமிகள் அப்படித் தங்கிவிடும் முள்ளைப் போன்றவை. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஆண்டுக்கணக்கில் நீறு பூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்.

அதனால் என்ன கெடுதி? வெள்ளணுக்கள் ஓய்வின்றிப் பெருகிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. ஓர் அணு இரண்டாகும் ஒவ்வொரு முறையும், அதனுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. நம் மலையிலுள்ள இசைக் கல்வெட்டை எண்ணிப் பாருங்கள். எழுத்துப் பிசகாமல் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அதே கல்தச்சரை இரவு பகல் உறங்கவிடாமல் லட்சம் படி செதுக்கச் சொன்னால் எங்காவது உளி தவறாதா? அப்படித் தவறிய எழுத்து "நிறுத்து" என்னும் கட்டளையில் விழுந்துவிட்டால் அந்த அணு கட்டுக்கடங்காமல் பெருகும். அதுவே புற்று. மேலும், வெள்ளணுக்களில் ஒரு வகை, எதிர்ப்புப் பொருளைத் திருத்திச் செய்வதற்காகத் தன் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும். அழற்சி நீடித்தால் இந்த வெட்டும் வேலையும் நீடிக்கும். பிழைக்கும் இடம் அதிகரிக்கும்.

ஒற்றைக்கண் மருத்துவர் கண்ட உண்மை

இதைத் தெளிவாகக் காட்டியது ஆப்பிரிக்கா. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். 1957 வாக்கில், தாடை வீங்கிய குழந்தைகள் பலர் ஒரே மாதிரி வருவதை அவர் கவனித்தார். அது நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்று. 1961இல் பழைய கார் ஒன்றில் சுமார் 10,000 மைல் சுற்றி, அந்நோய் எங்கெங்கே உண்டு என்று ஊர் ஊராகக் குறித்தார். வெப்பமும் மழையும் மிகுந்து, மலேரியா வாட்டும் நிலப்பகுதியில்தான் அது இருந்தது.

அதே ஆண்டு இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டைன், இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று கருதினார். அவரும், பெர்ட் அச்சோங், இவோன் பார் என்ற இருவரும் 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார்கள். எப்ஸ்டைன் பார் வைரஸ் என்று பெயர் பெற்றது. மனிதரிடம் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுவே.

ஆனால் ஒரு புதிர். உலகில் வயது வந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோரிடமும் இருக்கும். அது எச்சில் வழியே சிறுவயதிலேயே வந்து, வெள்ளணுவுக்குள் வாழ்நாள் முழுதும் உறங்குகிறது. அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் புற்று வரவில்லை? கிருமி மட்டும் போதாது என்பதே விடை. ஆப்பிரிக்கக் குழந்தைகளை மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கியது. வெள்ளணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டன. வைரஸை அடக்கி வைத்திருந்த காவலும் தளர்ந்தது. கிருமியும் நீடித்த அழற்சியும் கைகோத்தபோதுதான் கேடு விளைந்தது.

நம் நாட்டிலும் இதன் தடயம் உண்டு. ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றில், நம் குழந்தைகளின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வைரஸ் காணப்படுகிறது. மேலைநாட்டுக் குழந்தைகளிடம் அந்த அளவு குறைவு.

எச்.ஐ.வி. கதையும் இதுவே. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாக 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழுவினரால் கண்டறியப்பட்டது. அது காவலைக் குலைத்து நிணநீர்ப் புற்றுக்கு வழிவிடுகிறது. கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொள்வோருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

நெருப்பை அணைத்தால் புற்று தணியுமா?

தணியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். கல்லீரல் அழற்சி தரும் சி வைரஸ், மண்ணீரலில் ஒரு வகை நிணநீர்ப் புற்றையும் உண்டாக்கும். பிரான்சு மருத்துவர்கள் அத்தகைய 9 பேருக்கு வைரஸை ஒழிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். வைரஸ் மறைந்தவுடன் 7 பேருக்குப் புற்றும் முற்றிலும் பின்வாங்கியது. 2002இல் இது வெளியாயிற்று. இரண்டாவது, இரைப்பையில் அழற்சி தரும் ஒரு பாக்டீரியா. அதற்கான மருந்தைக் கொடுத்தபோது இரைப்பையின் நிணநீர்ப் புற்று கரைந்ததை இலண்டன் மருத்துவர்கள் 1993இல் அறிவித்தார்கள்.

ஜப்பானில் எச்.டி.எல்.வி. என்ற வைரஸ் தாயிடமிருந்து சேய்க்குச் சென்று, பல பத்தாண்டுகளுக்குப் பின் சிலருக்கு இரத்தப் புற்றைத் தருகிறது. நாகசாகியில் 1987 முதல் கருவுற்ற தாய்மாரைச் சோதித்து, கிருமி உள்ளவர்களை மட்டும் தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொன்னார்கள். பரவுதல் பல மடங்கு குறைந்தது. இதைக் கேட்டு நம் தாய்மார் பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டாம்! அந்த வைரஸ் நம்மிடையே அரிது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை.

எல்லா இரத்தப் புற்றுக்கும் கிருமிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லுக்கேமியாவுக்கு இன்னதென்று ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்படவில்லை. அது யாருடைய பாவத்தினாலும் வருவதல்ல. தாய் எதையோ உண்டதாலும் வருவதல்ல. பிள்ளை நோயுற்ற வீட்டில் தாயைக் குறை சொல்லும் வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

கழுத்திலோ, அக்குளிலோ, தொடையிடுக்கிலோ நெறி கட்டினால், காலில் புண் இருந்தால் அதனால் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வலியில்லாத கட்டி மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் நின்றால், வளர்ந்தால், விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, உடல் மெலிவு சேர்ந்தால், உடனே காட்ட வேண்டும். குழந்தை வெளிறிப்போனாலும், அடிபடாமலே உடலில் நீலத் திட்டுகள் தோன்றினாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும் ஓர் இரத்தச் சோதனை போதும், வழி தெரிந்துவிடும்.

காசநோயிலும் இப்படியே கட்டி வரும். ஆகவே கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது ஆபத்து. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற அச்சம் வேண்டாம். முறையாகச் சதை எடுத்துப் பார்ப்பதால் இந்த நோய் பரவுவதில்லை, தாமதத்தால்தான் முற்றுகிறது.

மஞ்சட்காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பி வைரஸுக்கு அது பயன்படுவதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988இல் எழுதினார்கள். பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. எந்த வகை வைரஸ் என்று சோதியுங்கள். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. 1980களில் அடையாறு, மும்பை டாட்டா, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் குழந்தைகளின் லுக்கேமியாவுக்கு ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதை வகுக்க உதவிய டாக்டர் இயன் மக்ராத், முன்பு உகாண்டாவில் பர்க்கிட் நோய்க் குழந்தைகளைக் கவனித்தவர். அதற்குமுன் மிகச் சிலரே பிழைத்த நிலை மாறி, ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கலாயினர். இன்று அதனினும் மேலான நிலை. ஹாட்ஜ்கின் நோயுள்ள குழந்தைகளிலோ மிகப் பெரும்பாலோர் முழுதும் குணமடைகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் செலவுக்குக் கைகொடுக்கிறது.

ஆகவே நோய் வந்த வீட்டை ஒதுக்காதீர்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் மாதக்கணக்கில் அலையும் பெற்றோருக்குத் துணையாக ஒருவர் செல்லுங்கள். அவர்கள் வீட்டு ஆடு மாட்டை, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவதால் இழக்கும் உயிர்கள் பல. அதைத் தடுக்க மருத்துவரால் மட்டும் இயலாது. அண்டை வீட்டாரால் இயலும்.