குதிரைமலையின் செந்நிறம்



புத்தளக் கரையோரம் என்றவுடன் பலருடைய உள்ளத்தில் எழுவன உப்பளங்களும், தென்னந்தோட்டங்களும், கற்பிட்டிக் கடலில் துள்ளும் ஓங்கில் மீன்களுமே ஆகும். அக்கரையின் வட எல்லையில், வில்பத்துக் காட்டின் மேற்கு ஓரத்தில், கடலை நோக்கிச் செந்நிற முகம் காட்டி நிற்கும் ஒரு மேட்டை அறிந்தோர் சிலரே. அதன் பெயர் குதிரைமலை. அதனை ஒளிப்படம் எடுக்க எம் பாடசாலை மாணவர் சிலருடன் நான் இருமுறை சென்றேன். முதல் முறை தோற்றோம். இரண்டாம் முறை ஓரளவு வென்றோம். அத்தோல்விக்குக் காரணம் யாது, வெற்றிக்கு வழி யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மன்னார் முதல் புத்தளம் வரையுள்ள இக்கரை இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. இதனைப் பாலைவனம் எனல் பொருந்தாது. எனினும் வெயிலால் தன் இயல்பு திரிந்த நிலத்தையே நம் முன்னோர் பாலை என்றனர். அப்பொருளில், கோடையில் இக்கரையும் பாலையே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையை நம்பிப் பாலை மரமும் வீரை மரமும் இங்கே உயிர் வாழ்கின்றன. அம்மழைநீர் தேங்கும் இயற்கைத் தாழ்வுகளையே வில்லு என்கிறோம்.

குதிரைமலையின் அடியில் மிகப் பழைய சுண்ணக்கற் படுகையும், மேலே செம்மண்ணும் உள்ளன. மணற்பொடிகளின்மேல் இரும்புத் துரு மெல்லிய போர்வைபோலப் படிந்திருப்பதே அந்நிறத்துக்குக் காரணம். அவுத்திரேலிய நாட்டின் நடுவிலுள்ள, 348 மீற்றர் உயரமுடைய உலூரு என்னும் பெரும்பாறையும் இவ்வாறே இரும்புத் துருவாற் சிவந்தது. மாலை ஒளியில் அதன் நிறம் மாறுவதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். நம் குதிரைமலை அளவிற் சிறியது, நிறத்திற் சிறியதன்று.

இதன் வரலாறும் செறிவுடையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, அன்னியசு புளோகாமசு என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் காற்றால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்பூரோசு என்னும் துறையை அடைந்தான் என எழுதினார். கிரேக்க மொழியில் இப்போசு என்பது குதிரையைக் குறிக்கும். ஆதலின் அத்துறை குதிரைமலையே என ஆய்வாளர் சிலர் கொள்வர். அல்லி அரசாணியின் கோட்டை இங்கிருந்தது என்பது மக்கள் கூறும் கதை. மேட்டின்மீதுள்ள சிதைவொன்றைப் பழைய குதிரைச் சிலையின் கால் என்று காட்டுவோரும் உளர். தெற்கே பொம்பரிப்பில் அகழப்பட்ட ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டுப் பேசப்படுவன.

வில்பத்து 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. போர்க் காலத்திற் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆதலின் புத்தளத்திற் பிறந்து வளர்ந்த என் தலைமுறையினருட் பலர் இளமையில் இம்மலையைக் கண்டிலர். நானும் அவர்களுள் ஒருவன்.

எம் மாணவன் ஒருவனுடைய பாட்டனார் முதிய மீனவர். பூங்காவுக்குள் அமைந்த பூக்குளம் மீன்துறையிலிருந்து இளமையிற் கடலுக்குச் சென்றவர். கரை திரும்பும்போது அவருக்கு வழிகாட்டியது இச்செம்மேடே. கண்ணழுத்த நோயால் அவருடைய பார்வை ஆண்டுதோறும் குன்றி வந்தது. இழந்த பார்வை மீளாது என்று மருத்துவர் கூறிவிட்டார். “கண் இருக்கும்போதே குதிரைமலையை ஒருதரம் பார்க்க வேண்டும்” என்பது அவர் விருப்பம். காட்டுப் பாதையிற் செல்ல அவர் உடல் இடந்தரவில்லை. ஆகவே, பேரன் படம் எடுத்துவரப் புறப்பட்டான்.

முதற் பயணத்தைச் சித்திரை விடுமுறையில் வகுத்தவன் நானே, தவறும் என்னுடையதே. விடுமுறை என்பதைப் பார்த்தேனேயன்றி, ஞாயிற்றின் நிலையை எண்ணிப் பார்த்திலேன். ஏப்ரல் முற்பகுதியில் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்பான். வழியில் வில்லுக்கரை ஒன்றிற் சிறுத்தையைத் தேடி நெடுநேரம் கழித்து, நண்பகலை ஒட்டி மேட்டை அடைந்தோம். அவ்வேளையில் மரத்துக்கும் நிழலில்லை; மனிதனுக்கும் நிழலில்லை. மண்ணரிப்பின் மடிப்புகள் யாவும் மறைந்து, செம்முகம் வெளிறிய தட்டைச் சுவர்போலத் தோன்றிற்று. போதாக்குறைக்கு, எம் கைப்பேசிகள் செந்நிறம் மிகுதி என்று தாமே கருதி, அதனைத் தணித்துப் பதிவு செய்தன.

படத்தைக் கண்களுக்கு அண்மையிற் பிடித்துப் பார்த்த முதியவர், “தம்பி, இது யாருடைய மதில்?” என்று கேட்டாராம். பையன் அதனை என்னிடம் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

இரண்டாம் பயணத்தைத் திட்டமிட யாம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்பது மாதம். முதல் வினா ஒளி பற்றியது. குதிரைமலை மேற்கு நோக்கியது. ஆதலின் மாலை ஒளியே அதற்கு உரியது. ஆனால் மாலை ஆறு மணிக்குள் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. சூரியன் கடலில் அமிழும் காட்சிக்காக விதியை மீறுதல் தகாது. யானையும் கரடியும் நடமாடும் பாதையில் மாணவரை இருளில் அழைத்து வருதல் அதனினும் தகாது. எனவே, ஆண்டின் எம்மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே ஒளி சாய்ந்து விழும் என்று ஆராய்ந்தோம். பாடசாலை முற்றத்தில் ஒரு கோலை நட்டு, மாதந்தோறும் அதன் நிழலை மாணவர் அளந்தனர். தை மாதத்திற் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், மூன்றரை மணிக்கு நிழல் கோலின் உயரத்தையும் விஞ்சி நீள்வதைக் கண்டோம். புவியியற் பாடத்திற் பலகாலம் சொல்லிக் கொடுத்ததை நானும் அன்றுதான் உணர்ந்து கற்றேன்.

இரண்டாம் வினா பாதை பற்றியது. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக இலவன்குளம் சென்று பூங்காவுள் நுழைதல் வேண்டும். மழை மிகுந்தால் கலா ஓயா பெருகிப் பாதையை மூடும். ஆகவே மார்கழி மழை ஓய்ந்து, சேறு இறுகும்வரை காத்திருந்தோம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியையும், வழித்துணைவர் ஒருவரையும் முன்னரே வேண்டிப் பெற்றோம்.

மூன்றாவது, கொண்டு செல்ல வேண்டியவை. குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். செம்புழுதியும் உப்புக்காற்றும் ஒளிப்படக் கருவிக்குப் பகை. அதனைத் துணியிற் சுற்றி வைத்து, வேண்டும்போது மட்டும் வெளியில் எடுங்கள். கைப்பேசியாயின், நிறச் சமநிலையைத் தானியங்கியாக விடாது பகலொளிக்கு உரியதாக அமையுங்கள். மேட்டின் விளிம்பை அணுகாதீர்கள். அடிமண் அலையால் அரிக்கப்பட்டிருக்கும், மேலிருந்து நோக்குவோர்க்கு அது தெரியாது. ஓட்டுத் துண்டு ஒன்றையேனும் எடுத்து வராதீர்கள். அது நாட்டின் உடைமை.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூங்காவுள் நுழைந்தோம். சிறுத்தைக்காகவும் நிற்கவில்லை. ஒரு மணிக்கு முன் மேட்டில் இருந்தோம். பின்னர் ஒன்றும் செய்யாது காத்திருந்தோம். மாணவருக்கு அதுவே கடினமான பாடமாயிற்று. மூன்று மணி கடந்ததும் ஒளி பக்கவாட்டில் இறங்கியது. மண்ணின் ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலைப் பெற்று எழுந்தது. வெளிறிய சுவர் செங்குதிரையின் விலாவாக மாறிற்று. அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. நான்கு மணிக்குப் புறப்பட வேண்டுமென நான் சொன்னபோது, ஒளி மேலும் அழகாகிக்கொண்டிருந்தது. பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின் வாகனத்தில் ஏறிக்கொண்டான்.

அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு முதியவரிடம் நானும் சென்றேன். சன்னலோரம் அமர்ந்து, படத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வெகுநேரம் பார்த்தார். பின், “கடல் படுத்துக் கிடக்கிறது, வாடைக் காலம். மூன்று மணி கழிந்திருக்கும்” என்றார். நாங்கள் யாரும் அவரிடம் மாதத்தையோ மணியையோ சொல்லியிருக்கவில்லை.

நேயர்களே, நல்ல ஒளிப்படத்துக்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பர் சிலர். அம்முதியவர் படத்திற் கண்டது கருவியை அன்று; காலத்தை. இடத்தை அறிந்து, அதற்குரிய வேளையை அறிந்து, வேளை வரும்வரை பொறுத்திருப்போர்க்கே நிலம் தன் முகத்தைக் காட்டுகிறது. உங்கள் ஊரிலும் ஒரு குன்றோ, குளக்கரையோ, பழைய மரமோ இருக்கும். அதனை நன்கு அறிந்த முதியவர் ஒருவரும் இருப்பார். அவர் கண்ணில் ஒளி இருக்கும்போதே சென்று கேளுங்கள்.