பன்னிரண்டு பேர் காத்த வீடு



ஜேர்மனியின் பொன் நகரில், பொன்காசே வீதி 20ஆம் இலக்க வீட்டில், 1770 டிசம்பரில் இசைமேதை பேத்தோவன் பிறந்தார். அரண்மனையன்று அது. அரசவைப் பாடகரான தந்தையின் குடும்பம் அதன் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருந்தது. சில ஆண்டுகளில் வேறு வீட்டுக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் கீழ்த்தளம் மதுச்சாலையாயிற்று. பின்னர் வீட்டையே இடிக்கும் நிலை வந்தது.

அரசின் கையை எதிர்பாராமல், 1889இல் நகரவாசிகள் பன்னிரண்டு பேர் ஒரு சங்கம் அமைத்து அவ்வீட்டை விலைக்கு வாங்கினர். 1893இல் அது நினைவகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அச்சங்கமே அதனை நடத்துகிறது. வெறுஞ்சுவர்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கையெழுத்துப் படிகள், கடிதங்கள், இசைக்கருவிகள், செவிப்புலன் குன்றிய காலத்தில் பேத்தோவன் பயன்படுத்திய காதுக்குழல்கள் யாவும் அங்கே சேர்ந்தன. (புலம்பெயர்ந்தோர் பூட்டிவிட்டு வந்த நாற்சார் வீடுகளில் எத்தனை கடிதங்களும் காணி உறுதிகளும் கறையானுக்கு இரையாகின்றனவோ!)

இரண்டாம் உலகப்போரின்போது அச்சேகரிப்புகள் முன்கூட்டியே நிலவறைக்கு மாற்றப்பட்டன. 1944 ஒக்டோபர் 18ஆம் நாள் விமானத் தாக்குதலில் நகரின் நடுப்பகுதி எரிந்தது. கூரைமீதும் தீக்குண்டு விழுந்தது. வீட்டைவிட்டு ஓடாத காவற்பணியாளர் அத்தீயை அணைத்தார்.