குழந்தைகளும் உணவு ஒவ்வாமையும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பள்ளி, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இப்பகுதி மக்களுக்கு நிலக்கடலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நமது மானாவாரி நிலங்களின் முக்கியப் பயிர் அது. நாராயணி, தரணி ஆகிய இரகங்கள் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நாட்டுக்கு அளித்தவை. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திர அரசு பள்ளி மதிய உணவைத் திருத்தியமைத்தபோது, முட்டையுடன் கடலை மிட்டாயும் உணவுப் பட்டியலில் இடம்பெற்றது. ஏழைக் குழந்தைக்குப் புரதம் கிடைக்கும் எளிய வழிகள் இவை. ஆகவே, ஒரு குழந்தைக்கு இவை ஒத்துக்கொள்ளுமா என்னும் கேள்வி மருத்துவமனைக்குள் அடங்கிவிடுவதன்று. அது பள்ளியின் கேள்வி, நிர்வாகத்தின் கேள்வியுமாகும்.

என்னிடம் வந்த இரு குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன். முதலாவது, எட்டு வயதுச் சிறுமி. இரண்டு வயதில் உடம்பில் தடிப்பு வந்ததால், முட்டை ஆகாது என்று யாரோ சொல்ல, ஆறு ஆண்டுகள் அவள் முட்டையையே தொடவில்லை. மெலிந்திருந்தாள். தாயிடம் நிதானமாக விசாரித்தேன். முட்டை தின்ற மூன்றாம் நாள், காய்ச்சலுடன் வந்த தடிப்பு அது என்று தெரிந்தது. மருத்துவமனையில் வைத்து, சிறிது சிறிதாக முட்டை கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் நேரவில்லை.

இரண்டாவது, ஆறு வயதுச் சிறுவன். கடலை மிட்டாய் தின்ற பத்தே நிமிடங்களில் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும்பி, இருமலும் இரைப்பும் கண்டன. பித்தம் என்று எண்ணி அவனை ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டனர். நல்வாய்ப்பாக ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பிழைத்தான்.

இல்லாத ஒவ்வாமையை இருப்பதாகக் கொண்டது ஒரு தவறு. இருந்த ஒவ்வாமையை அறியாமல் விட்டது மற்றொரு தவறு. முன்னது குழந்தையின் வளர்ச்சியைப் பறிக்கிறது. பின்னது உயிரையே பறிக்கக்கூடும்.

ஒவ்வாமை என்பது யாது?

ஒவ்வாமையைக் குறிக்கும் அலர்ஜி என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் அமைப்பு, தீங்கற்ற உணவுப் புரதத்தையும் பகையென்று கருதிப் போரிடுவதே ஒவ்வாமை. இதில் முக்கியப் பங்கு வகிக்கும் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருள் 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. அது தூண்டப்படும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்படுகின்றன; தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை அவற்றின் விளைவுகள்.

பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் பால் சர்க்கரை செரிக்காமையே, அது ஒவ்வாமையன்று. ஒரே பந்தியில் உண்ட பல குழந்தைகளுக்கு வாந்தி வந்தால், உணவு கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும், அதுவும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்போ வீக்கமோ கண்டால், ஒவ்வாமையை எண்ணுங்கள். அதே உணவு மறுமுறையும் அவ்வாறே செய்ததா என்றும் கேளுங்கள்.

பரிசோதனையின் எல்லை

நமது அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூர், மைசூர் பகுதிகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. 2016இல் வெளியான முடிவுகளின்படி, பெரியவர்களில் 26.5 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ. இரத்தத்தில் காணப்பட்டது, ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதமே. பள்ளிக் குழந்தைகளைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு, உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 0.14 சதவீதம் என்று மதிப்பிட்டது. இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பத்து உணவுகளை விலக்குவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இக்கணக்கு காட்டும். குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்னும் வரலாறே முதற் சான்று. பரிசோதனை அதற்குத் துணை.

முன்னெச்சரிக்கை என்று கருதி உணவைத் தள்ளிப்போடுவதும் நன்மை தராது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை கொண்ட 640 கைக்குழந்தைகளை லண்டனில் ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. முதலாண்டிலிருந்தே உண்டு வந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கே இருந்தது. ஆகவே, ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இணையுணவு தொடங்கும்போது, கடலையை நன்கு அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். முழுக் கடலை சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கும், கொடுக்கலாகாது. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஆபத்து நேரும்போது

உணவு உண்டபின் மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம், தொடர்ந்த வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் தடிப்புடனோ வீக்கத்துடனோ சேர்ந்து வந்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. தடிப்பு தோன்றாமலும் இந்நிலை வரலாம். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். இது விலை மலிந்த மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்; மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள்; நடக்க விடாதீர்கள். உடனே 108 ஊர்தியை அழையுங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும்.

நிர்வாகம் செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வாமைக்கென ஒரு பத்தி வேண்டும். அதில் கேள்விப்பட்டதை எழுதாமல், மருத்துவர் உறுதி செய்ததை எழுத வேண்டும். அக்குறிப்பு சமையலறைக்கும் செல்ல வேண்டும். உணவு படைப்பவர் அக்குழந்தையை அடையாளம் அறிந்திருக்க வேண்டும். முட்டையை விலக்கினால், அதற்கு ஈடாகப் பயறோ பருப்போ தட்டில் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைத் திருத்தவும் வேண்டும். ஏனெனில் பால், முட்டை ஒவ்வாமைகள் பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகின்றன. கடலை ஒவ்வாமை ஐவரில் ஒருவருக்கே நீங்குகிறது.

நண்பர்களே! ஆயிரத்தில் ஓரிருவருக்கே நேர்வது என்று இதைப் புறக்கணிக்க வேண்டாம். அந்த ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் அமர்ந்திருக்கிறது என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த ஒருவனுக்காக மற்றவர்களின் கையிலிருந்து கடலை மிட்டாயைப் பிடுங்கவும் வேண்டாம். கேட்டறியுங்கள், எழுதி வையுங்கள், மருந்தை ஆயத்தமாக வைத்திருங்கள். இம்மூன்றும் நடந்தால், முட்டை உண்ணலாகும் சிறுமி முட்டை உண்பாள். கடலை ஆகாத சிறுவன் மாலையில் நலமாக வீடு திரும்புவான்.