செம்பு உள்ளே மின்னும் கல்

(நமது குடியிருப்பின் ‘என் பொழுதுபோக்கு’ மாலை நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, “மேடம், லாக்கர், ஃபிக்சட் டெபாசிட் பற்றி ஏதாவது சொல்லுங்களேன்” என்றார். 34 வருடம் கவுண்டரில் உட்கார்ந்து அதையேதான் சொன்னேன். அதனால் இன்று என் கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது ஏழே கற்கள். எல்லாம் கால்சைட் படிகங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எந்தக் கல்லைச் சுட்டு எடுக்கிறார்களோ, அதுவும் இதுவும் ஒரே சரக்குதான். ஆனால் இது கண்ணாடி மாதிரி தெளிவாக விளைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே குங்குமப்பூவைக் கிள்ளிப் போட்டது போல ஏதோ மின்னுகிறதா? அது செம்பு. யாரும் உருக்கி ஊற்றியதல்ல, பூமிக்குள் தானாகவே விளைந்தது.

இந்த வகைக் கல்லுக்குப் பேர்போன இடம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடி. சுப்பீரியர் ஏரிக்குள் விரல் மாதிரி நீண்டிருக்கும் கீவினா தீபகற்பம். அங்கே ஹோட்டன் என்ற ஊரில் என் மகள் படித்தாள். ஒரு கோடையில் மூன்று மாதம் அவளோடு இருந்தேன். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. பிற்பாடு சூடான நீர் அந்தப் பாறையின் ஓட்டைகளிலும் வெடிப்புகளிலும் புகுந்து செம்பைப் படியவைத்தது. கால்சைட் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் செம்புத் துகள் ஒட்டியது. அதற்கு மேல் கால்சைட் இன்னும் வளர்ந்து மூடிவிட்டது. காற்றுப் படாததால் உள்ளே உள்ள செம்பு கறுக்கவே இல்லை. நம் வீட்டுச் செம்புக் குடம் ஒரு வாரம் தாங்குகிறதா?

அந்த ஊர்ப் பக்கத்தில் குயின்சி சுரங்கம் என்று ஒன்று. 1846-ல் தொடங்கி 1945 வரை நடந்தது. சரிவாக 9,260 அடி தோண்டியிருக்கிறார்கள், 92 தளங்கள். இப்போது ஏழாவது தளம் வரைதான் போக முடியும், அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர். நானும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய் வந்தேன். கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது.

கம்பெனிக்கு வேண்டியது செம்பின் எடை மட்டும்தான். பாறையை இடித்துத் தூளாக்கி, செம்பைப் பிரித்துக்கொண்டு, மீதியை மணலாகக் கொட்டினார்கள். படிகங்களும் அதோடு போயின. நான் பி.காம். படித்தவள், எனக்கு அது புரிகிறது: கம்பெனிக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனாலும் தொழிலாளி அதைக் கையில் எடுத்துப் போனால் திருட்டு. அதையும் மீறிச் சிலர் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று மிச்சமிருக்கும் நல்ல படிகங்களில் பல அப்படித் தப்பியவை என்று அங்கே சொல்கிறார்கள். வங்கியில் வேலை பார்த்தவள் இதற்கு வக்காலத்து வாங்கக் கூடாதுதான். ஆனால் ஹோட்டனில் உள்ள ஏ.ஈ. சீமன் கனிம அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இந்தக் கற்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அந்த டப்பாக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் ஏழில் சிறந்ததும் அப்படி வந்ததே. ஒரு பெரியவர் தன் வீட்டு வாசலில் மேஜை போட்டு விற்றார். அவருடைய தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவராம். கட்டைவிரல் அளவு, விலை 85 டாலர். கூடவே பழுப்பேறிய சீட்டு ஒன்று: சுரங்கத்தின் பெயர், வருடம், தாத்தாவின் கையெழுத்து. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இனி சொல்லப்போவதை என் மகளைத் தவிர யாருக்கும் இதுவரை சொன்னதில்லை. போன நவராத்திரிக்கு அதைக் கொலுப்படியில் வைக்க ஆசைப்பட்டேன். அடியில் ஒரு மூலையில் செம்பு வெளியே நீட்டிக்கொண்டு கறுத்திருந்தது. செம்பு என்றால் நம் கை எங்கே போகும்? புளிதான். நன்றாகத் தேய்த்து, ஐந்து நிமிஷம் ஊறவும் விட்டேன். செம்பு பளபளவென்று வந்துவிட்டது. ஆனால் கல் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியிருந்தது. சுண்ணாம்புக்குப் புளிப்பு ஆகாது என்பது பள்ளிக்கூடப் பாடம், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கழுவித் துடைத்தால், குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரு பக்கம் முழுக்க மங்கல். உள்ளே இருந்த பூ காணோம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் போனில், “பாலிஷ் மட்டும் போட்டுவிடாதே அம்மா, இயற்கையான முகம் போய்விடும்” என்றாள். அப்படியே விட்டுவிட்டேன். ஒன்று கண்டுபிடித்தேன்: கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மங்கல் மறைந்து செம்பு திரும்பத் தெரிகிறது. இதோ, முன்வரிசையிலிருந்து கிண்ணத்தை அனுப்புகிறேன், சிந்தாமல் பாருங்கள்.

லேபிள் விஷயம் ஒன்று. பேரேட்டில் தப்பான பதிவை அழிக்கக் கூடாது. கோடு போட்டு, சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். அதனால் தாத்தாவின் சீட்டோடு இன்னொரு சீட்டு சேர்த்திருக்கிறேன். ‘புளியால் ஒரு பக்கம் கெட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்து.

யாருக்காவது ஆசை வந்தால், செம்பு இல்லாத சாதாரண கால்சைட்டில் தொடங்குங்கள். மகாராஷ்டிராவில் நாசிக், புணே பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து நல்ல படிகங்கள் வருகின்றன. மூலை உடைந்து ஒட்டவைத்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஊர்க் கல் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் வெறும் அழகுக் கல்தான். மெத்தென்ற கல் என்பதால் சாவிக் கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள்.

மற்ற ஆறும் என் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் விழும், அப்போது வந்தால் நன்றாகத் தெரியும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஊறுகாய் தொட்ட கையை மட்டும் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.