சக்கரத்தின்மேல் ஒரு குடித்தனம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டம் கலையும் சமயத்தில் நமது காரியதரிசி அவர்கள் என்னை அணுகி, "தங்கள் குமாரத்தி அமெரிக்காவில் வண்டியிலேயே குடித்தனம் நடத்தியதாகச் சொல்லுகிறார்களே, அதைப் பற்றிச் சபையில் சில வார்த்தைகள் பேசலாகாதா?" என்று கேட்டார்கள். அக்கேள்வியில் அனுதாபமும் இருந்தது. சிறிது பரிகாசமும் இருந்தது. இரண்டையும் நான் குற்றமாகக் கொள்ளவில்லை. 2021-ம் ஆண்டில் அச்செய்தி எனக்கு முதன்முதலாக எட்டியபோது என் மனநிலையும் அதுவாகவே இருந்தது.

நம்மவர் இல்லங்களில் வரன் விசாரிக்கும்போது உத்தியோகம் என்ன என்பது முதற்கேள்வியானால், சொந்த வீடு உண்டா என்பது இரண்டாவது கேள்வி. அப்படியிருக்க, கை நிறையச் சம்பாதிக்கும் தம்பதிகள் இருவர், நியூஜெர்சியில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை விற்று, ஒரு வண்டியிற் குடியேறினர் என்றால் பெற்றவன் மனம் என்ன பாடுபடும்? உறவினர் கேட்டபோதெல்லாம், "வீடு மாறிக்கொண்டிருக்கிறார்கள்" என்றே சொல்லிவந்தேன். அது பொய்யன்று, ஆயினும் மெய்யை மறைப்பதற்காகச் சொன்ன வார்த்தையே.

அவ்வண்டி இன்னதென்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் அதை ஆர்.வி. என்று சுருக்கமாக அழைப்பர். தானே ஓடும் மோட்டார் வீடு ஒருவகை. வேறொரு லாரியின் பின்னே பூட்டி இழுக்கும் டிரெய்லர் மற்றொரு வகை. கட்டில், கியாஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஸ்நான அறை யாவும் உள்ளேயே அமைந்திருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு ஒன்று, மலஜலத்துக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் உண்டு. பின்னிரண்டையும் அதற்கென்று ஏற்பட்ட இடங்களில் மட்டுமே காலி செய்யவேண்டும். வாலி பையம் என்பவர் 1931-ம் ஆண்டில் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி இத்தொழிலிற் பெயர்போனது. இண்டியானா மாகாணத்து எல்க்கார்ட் நகரும் அதன் சுற்றுப்புறமும் இன்று இவ்வண்டிகளைச் செய்யும் கேந்திரமாக விளங்குகின்றன. வாங்குவோரிற் பெரும்பாலார் விடுமுறைக்கே வாங்குகின்றனர். வேறு வீடே இன்றி வருஷம் முழுவதும் அதிலேயே வசிப்போரும் உளர். 2020-ம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பிறகு வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கலாம் என்றாயிற்று. வீடு எங்கேயிருந்தால் என்ன என்ற எண்ணமும் பலருக்கு உடன் பிறந்தது.

2023-ம் ஆண்டு ஜனவரியில் நானும் என் மனையாளும் சென்று அவர்களோடு 24 நாட்கள் தங்கினோம். அரிஜோனா மாகாணத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. வடதேசத்துக் குளிருக்கு அஞ்சிய ஆர்.வி.வாசிகள் மாரிக்காலத்தில் அங்கே திரளாக வந்து கூடுவர். சர்க்கார் நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு அப்போது 180 டாலர் செலுத்தினாற் போதுமாயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வண்டிகளும், கள்ளிச் செடிகளும், மேலே நட்சத்திரங்களுமே தென்பட்டன. உண்மையைச் சொல்லுகிறேன்: முதல் நாள் இரவே என் கோபத்திற் பாதி கரைந்துவிட்டது.

ஆனால் அவர்கள் உல்லாசமாகத் திரிகிறார்கள் என்ற என் எண்ணம் மறுநாட் காலையிலேயே பொய்த்தது. அவர்களுடைய ஆபீஸ் நியூயார்க்கில் இருந்தது. அங்கே ஒன்பது மணியென்றால் அரிஜோனாவில் குளிர்காலத்தில் ஏழு மணி. ஆகவே இருள் பிரியுமுன் எழுந்து, என் மகள் சாப்பாட்டு மேஜையிலும் மாப்பிள்ளை கட்டிலின் ஓரத்திலும் அமர்ந்து பிற்பகல் மூன்று வரை வேலை செய்தனர். ஒருவர் பேசும்போது மற்றவர் மெளனம். இணையத் தொடர்புக்கு வானத்து ஏற்பாடு ஒன்று, தரையின் கைபேசி ஏற்பாடு ஒன்று என இரண்டு வைத்திருந்தனர். ஒன்று பழுதானால் அன்றைய சம்பளத்துக்கே மோசம் வருமன்றோ? சனிக்கிழமையன்றி வேறு நாளில் வண்டியைப் பூட்டுவதில்லை என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட விதி. நாள்தோறும் ஓர் ஊர் பார்க்கலாம் என்று இவ்வாழ்க்கையிற் புகுவோர் வேலையை இழப்பர், அல்லது உடம்பை இழப்பர் என்று மாப்பிள்ளை சொன்னார்.

நான் உத்தியோக காலத்திற் கணக்குப் பார்த்துப் பழகியவன், கணக்கைக் கேட்டேன். மாப்பிள்ளை ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து வைத்தார். நியூஜெர்சியில் குடிக்கூலி, மின்சாரம், கார் இவைகளுக்கு மாதம் 3,200 டாலர் ஆயிற்றாம். இங்கே தங்குமிடக் கட்டணம், டீசல், கியாஸ், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 1,900. ஆகவே மாதம் 1,300 டாலர் மிச்சம் என்று எழுதியிருந்தார். நான் ஒரு கேள்வி கேட்டேன்: "மாப்பிள்ளை! லாரியும் டிரெய்லரும் 68,000 டாலர் கொடுத்து வாங்கினீர்கள். நாளை விற்றால் என்ன கிடைக்கும்?" அவர் சற்று நேரம் பேசவில்லை. நிலம் கிடந்து விலை ஏறலாம். வண்டியோ ஓடினாலும் நின்றாலும் விலை இறங்கும். பின்னர் அவர்கள் அவ்விரண்டையும் விற்றபோது கிடைத்தது 39,000. நஷ்டம் 29,000. அதை 48 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் ஏறக்குறைய 600 டாலர். அதுவே கண்ணுக்குத் தெரியாத குடிக்கூலி. ஆகவே மெய்யான மிச்சம் மாதம் 700 டாலரேயன்றி 1,300 அன்று.

இன்னொரு செலவையும் குறிப்பிட வேண்டும். 2022-ம் ஆண்டு கோடையில் டிரெய்லரின் கூரையில் நீர் கசிந்தது. பட்டறையில் விட்டார்கள், உதிரிப் பாகம் வரவில்லையென்று ஐந்து வாரம் கழிந்தது. அத்தனை நாளும் ஹோட்டல் வாசம். கூரை ஒழுகினால் நம் ஊரிற் கொத்தனார் வீட்டுக்கு வருவார். அங்கேயோ வீடே கொத்தனாரிடம் போயிற்று. போதாக்குறைக்கு, எப்போதும் குடியிருப்போருக்குப் பழுதுப் பொறுப்பு இல்லையென்று பல கம்பெனிகளின் பத்திரத்திலேயே கண்டிருக்கும். இன்ஷூரன்ஸும் முழுநேர வாசத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கண்டபின் என் மனத்திற் பட்டது யாதெனில், ஓடிக்கொண்டே வாழ்வோருக்கு ஓடாமல் நிற்பவை மூன்று அவசியம் வேண்டும். அவையாவன: முகவரி, முதல், முடிவு.

முதலாவது முகவரி. வண்டி எங்கு நின்றாலும், ஓட்டுநர் லைசென்ஸ், வரி, தபால், வைத்திய இன்ஷூரன்ஸ் இவைகளுக்கு ஒரு மாகாணம் வேண்டும். டெக்ஸாஸ், பிளாரிடா, தென் டக்கோட்டா ஆகிய மூன்றையும் இவர்கள் பெரும்பாலும் நாடுவர். அம்மூன்றிலும் மாகாண வருமான வரி இல்லை. ஆயினும் வேறு மாகாணத்தில் தங்கி வேலை செய்தால் அம்மாகாணம் வரி கேட்கக்கூடும். எஜமானரிடம் சொல்லாமல் ஊர் ஊராகச் செல்வது பெரும் தவறு. வைத்திய இன்ஷூரன்ஸ் பலவும் ஒரு மாகாணத்து டாக்டர்களோடு நின்றுவிடுகின்றன.

இவ்விடத்தில், பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் மக்கள் நிரந்தர வாச உரிமை பெற்ற பிறகே இதில் இறங்கினர். எச்-1பி விசாவில் இருப்போர் வேலை செய்யும் இடம் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்நகர வட்டாரத்தை விட்டு வேலையிடத்தை மாற்றினால் எஜமானர் புதிதாக விண்ணப்பம் செய்ய வேண்டும். அந்நிய நாட்டவர் விலாசம் மாறினால் 10 நாளைக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஆகையால் அவர்களுக்கு இவ்வாழ்க்கை ஏற்றதன்று.

இரண்டாவது முதல். குவார்ட்ஸைட்டில் எங்களுக்கு அண்டையில் எழுபது பிராயத்து மாது ஒருத்தி சிறிய வேன் ஒன்றிற் குடியிருந்தாள். கோடையில் முகாம்களைக் காவல் காத்துச் சுத்தம் செய்வாள். அக்டோபரில் வடக்கே ரெட் நதிப் பள்ளத்தாக்கில் சர்க்கரைக்கிழங்கு அறுவடைக்குப் போவாள். அங்கே ஒரு நாள் முறை பன்னிரண்டு மணி நேரம். 2008-ம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்தவள் அவள். இத்தகையோரைப் பற்றி ஜெஸிக்கா புரூடர் 2017-ம் ஆண்டில் 'நோமாட்லாண்ட்' என்னும் நூலை எழுதினார்; அது படமாகி 2021-ம் ஆண்டில் ஆஸ்கார் பரிசும் பெற்றது. என் மகளின் வண்டியும் அம்மாதின் வண்டியும் ஒரே மணலில் நின்றன. ஒருத்தி விரும்பி வந்தவள். மற்றொருத்தி துரத்தப்பட்டு வந்தவள். இருவருக்குமிடையே இருந்த வேற்றுமை பாங்கில் இருந்த பணம் ஒன்றே. அதைக் கண்ட அன்றே, மிச்சமாகும் பணத்தைத் தொடாத கணக்கொன்றிற் போடவும், ரிப்பேருக்கு வேறு நிதி வைக்கவும் இருவரும் இசைந்தனர்.

மூன்றாவது முடிவு. இதில்தான் எனக்கும் என் மகளுக்கும் வாக்குவாதம் நேர்ந்தது. "எப்போது நிலையாக இருக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். அவள், "அப்பா! தாங்கள் பதினெட்டு வருஷம் கடன் கட்டி மாடி வைத்தீர்கள். நாங்கள் மூவரும் வெளியூரில் இருக்கிறோம். அம்மாடி இன்று பூட்டிக் கிடக்கவில்லையா?" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவள் சொன்னது மெய். ஆனால் என் மனையாள் மெதுவாக, "பூட்டிக் கிடந்தாலும் நீ வந்தால் திறப்பதற்கு இருக்கிறதே, அம்மா! உன் பிள்ளைக்கு நீ எதைத் திறப்பாய்?" என்று கேட்டாள். மகள் அப்போது கர்ப்பவதியென்பதை மறுநாட்தான் எங்களிடம் சொன்னாள்.

ஓடுவதையே விரதமாகக் கொண்டோருக்கும் நிற்க ஓரிடம் வேண்டியிருக்கிறது. ஜோ பீட்டர்ஸன், கே பீட்டர்ஸன் என்னும் தம்பதிகள் 1978-ம் ஆண்டில் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தை ஆர்.வி.வாசிகளுக்காக ஏற்படுத்தினர். டெக்ஸாஸ் மாகாணத்து லிவிங்ஸ்டன் நகரில் இருந்துகொண்டு அது அங்கத்தினரின் தபால்களை வாங்கி அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்புகிறது. மூப்பினாலும் நோயினாலும் இனிப் பிரயாணம் செய்ய இயலாதவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்து உணவும் உதவியும் பெற அங்கே ஒரு நிலையமும் ஏற்பட்டது. சங்கம் என்பது எதற்கு என்று நம்மில் எவரேனும் கேட்டால், இதனையே சான்றாகக் காட்டலாம்.

நாங்கள் புறப்படுமுன் அந்நோட்டுப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு வரி எழுதினார்: குழந்தை நடக்கத் தொடங்கிய பின் ஒரு வருஷத்துக்குள் வீடு. அவ்வாறே 2025-ம் ஆண்டில், மூன்று குளிர்காலம் வந்து தங்கிப் பழகிய டூஸான் நகரில், சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டிச் சிறு வீடொன்று வாங்கினர். வெயில், தண்ணீர், அண்டையார், வைத்தியசாலை யாவும் அறிந்தபின் வாங்கிய வீடு அது. நான் என் மனையை வாங்கியபோது இவற்றில் ஒன்றையும் விசாரித்தேனில்லை. விலை மலிவென்று வாங்கினேன்.

ஆகையால், சகோதர சகோதரிகளே! நம் பிள்ளைகளுள் ஒருவர் இவ்விதம் புறப்பட்டால் அவமானமென்று மறைக்க வேண்டாம். ஆகாதென்று சபிக்கவும் வேண்டாம். முகவரி எது, முதல் எவ்வளவு, முடிவு எப்போது என்று மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை இருந்தால் ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஒன்றுக்கு விடை இல்லையேல், விடை கிடைக்கும் வரை உடனிருந்து கணக்குப் பாருங்கள். சொந்த மனையில் நிலையாகக் குடியிருக்கும் நாமும் அம்மூன்றையும் நம்மைக் கேட்டுக்கொள்வது நன்று.