தேங்காயைக் கெடுப்பது தேரையா?



நெல்லித்தோப்பு இன்றைக்குப் புதுச்சேரி நகரத்துக்குள் அடங்கிவிட்டது. பெயரில்தான் தோப்பு இருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு வீட்டில் தேங்காயை உடைத்து, உள்ளே பருப்பு இல்லையென்றால், "தேரை மோந்த காய்" என்றுதான் சொல்லுவார்கள். பாகூர், வில்லியனூர்ப் பக்கம் தென்னை வைத்திருக்கிறவர்களிடமும் இதே பேச்சுத்தான். உடனே மட்டையிடுக்கில் ஒண்டியிருக்கிற தேரையை அடித்துப் போடுகிறோம், அல்லது உப்பை அள்ளி வீசுகிறோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அது மரத்தவளை இனம். 1830-இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலார் இதை விவரித்து எழுதினார். விரல் நுனியில் வட்டமாக ஒட்டுத் தட்டு இருக்கும். அதனால்தான் வழுவழுப்பான சுவரிலும் ஏறுகிறது. பழுப்பு நிறம், இடத்துக்குத் தக்கபடி வெளுக்கவும் செய்யும். சுண்ணாம்புச் சுவரில் அடிக்கடி காண்பதால் வெள்ளைக்காரர்கள் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு "சுனாம் தவளை" என்றார்கள். பகலெல்லாம் ஈரமான இடுக்கில் தூங்கும். இராத்திரி பூச்சி பிடிக்கும். தென்னங்கொண்டையில் நிழலும் ஈரமும் பூச்சியும் கிடைக்கிறது, அதற்காகத்தான் ஏறுகிறது. காய் மட்டையைத் துளைக்கிற பல் அதற்கு ஏது?

மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரிலோ தொட்டி ஓரத்திலோ சோப்பு நுரை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். பெண் தவளை பின்னங்காலால் அடித்து உண்டாக்கிய நுரைக்கூடு அது. உள்ளே முட்டை. மேல்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழுந்துவிடும். அழுக்கு என்று துடைப்பத்தால் தேய்த்துவிடாமல் ஒரு வாரம் விட்டு வையுங்கள்.

சரி, காய் ஏன் ஒல்லியாகிறது? மகரந்தச் சேர்க்கை சரியாக இல்லாவிட்டால் ஆகும். சாம்பல் சத்தும் போரான் சத்தும் குறைந்தாலும் ஆகும். வழக்கமாக வைக்கிற உரத்துக்கு மேலே, மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 2 கிலோ பொட்டாஷ், 200 கிராம் போராக்ஸ், அதாவது வெண்காரம், சேர்த்து 3 வருஷம் கொடுக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லுகிறது. தூரை ஒட்டிக் கொட்டாதீர்கள்; 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் பரப்பிக் கொத்திவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். அடுத்த வெட்டிலேயே பலனை எதிர்பார்க்க வேண்டாம். பாளை வெடித்துக் காய் முற்றவே ஒரு வருஷம் ஆகுமே!